மூலமும் முடிபும்: ஸ்பைடர்மேன் திரைப்பட மறுதொடக்கங்களில் மூலநேர்மை

1. முன்னுரை

சித்திரக்கதைகளில் பிறந்த சூப்பர்ஹீரோ ஒருவர் திரைப்படத்தில் மீண்டும் புதிதாக அறிமுகம் செய்யப்படும்போதெல்லாம், 'இவர் மூலத்தில் உள்ளவர்தாமா?' என்னும் வினா எழுகிறது. சுவைஞர்கள் உடையின் நிறம், கருவியின் அமைப்பு, நடிகரின் வயது ஆகியவற்றைக் கொண்டு இதற்கு விடை காண்கின்றனர். திறனாய்வாளர் சிலர் இவ்வினாவே பொருளற்றது எனத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் மொழிபெயர்ப்பு ஆய்வாளர்க்குப் புதியன அல்ல. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் குறை காணும் போக்கும், 'மொழிபெயர்ப்பு யாவும் புத்தாக்கமே' என்று கூறி விலகிக்கொள்ளும் போக்கும் நம் துறையிலும் உண்டு.

ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகையாகப் பகுத்தார். ஒரு மொழிக்குள்ளேயே நிகழ்வது, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு நிகழ்வது, ஒரு குறியமைப்பிலிருந்து மற்றொரு குறியமைப்புக்கு நிகழ்வது என்பன அவை. சித்திரக்கதை திரைப்படமாவது மூன்றாம் வகையைச் சாரும். எனவே மேற்கண்ட வினாவை மொழிபெயர்ப்பியல் வினாவாகவே கொண்டு ஆராய இடமுண்டு.

கணினித் துறையிலிருந்து திரைத்துறைக்கு வந்த 'ரீபூட்' என்னும் சொல்லை இக்கட்டுரை 'மறுதொடக்கம்' எனக் குறிக்கிறது. முந்தைய படங்களின் கதையைத் தொடராமல், அவை நிகழாதனபோலக் கொண்டு, நாயகரின் கதையை மறுபடியும் தொடங்குவதே மறுதொடக்கம். இது தொடர்ச்சிப் படத்தினின்றும் வேறானது. ஒரே படத்தை மீண்டும் எடுப்பதினின்றும் வேறானது. ஸ்பைடர்மேன் இவ்வாய்வுக்குப் பொருத்தமான சான்றாகிறான். 2002இல் சாம் ரைமியும், 2012இல் மார்க் வெப்பும் இயக்கிய படங்களிலும், 2016இல் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் தோன்றி 2017 முதல் ஜான் வாட்ஸ் இயக்கிய படங்களிலும் என, பதினைந்து ஆண்டுகளுக்குள் மும்முறை அவன் புதிதாகத் தொடங்கப்பட்டான். மூன்றுக்கும் மூலம் ஒரு சிறு சித்திரக்கதையே.

கதையின் நிகழ்ச்சிகளை மீண்டும் எடுத்துரைத்த முதலிரு மறுதொடக்கங்களும் மூலத்தின் முடிபினின்று விலகின என்பதும், நிகழ்ச்சிகளையே விட்டுவிட்ட மூன்றாவது மறுதொடக்கம் தன் முதற் கட்டத்தில் அம்முடிபுக்கு மிக அணுக்கமாக நின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. மூலம் எது?

சித்திரக்கதை நாயகர்க்கு ஒற்றை மூலம் இல்லை என்பது இவ்வாய்வுக்கு எதிராக முதலில் எழக்கூடிய தடை. இது வலிமையுடைய தடையே. பேட்மேன் 1939இல் தோன்றினான். தொடக்க காலக் கதைகள் சிலவற்றில் அவன் எதிரிகளைக் கொல்லத் தயங்குவதில்லை. கொல்லாமை நெறி சிறிது காலத்திற்குப் பின்னரே அவனுக்குரியதாக்கப்பட்டது. எனவே கொல்லும் பேட்மேனைக் காட்டும் திரைப்படம் மூலத்திற்கு மாறானது என்றும் கூறலாம். தொன்மையான மூலத்தைத் தழுவியது என்றும் கூறலாம். பல எழுத்தாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் கதைத்தொகுதியில், தமக்கு வேண்டிய மூலத்தை எவரும் தேர்ந்துகொள்ள முடியும்.

ஆயினும் ஸ்பைடர்மேனைப் பொறுத்தவரை, தோற்றக் கதைக்கு உறுதியான ஒரு மூலம் உண்டு. ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைய, 1962 ஆகஸ்டு எனத் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழில் வெளிவந்த பதினொரு பக்கக் கதை அது. பின்வந்த எழுத்தாளர்கள் அதனை விரித்தனர், திருத்தினர், மாற்றியும் எழுதினர். 2000இல் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' அப்பதினொரு பக்கங்களை ஏழு இதழ்களுக்கு விரித்தது. ஆனால் எல்லோரும் திரும்பிச் செல்லும் இடம் அதுவே.

இவ்வுறவை விளக்க நம் இலக்கண மரபில் வகைப்பாடு உண்டு. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாக்குகிறது. மொழிபெயர்ப்பு இங்கு வழிநூலின் ஒரு வகையாக, தொகுத்தலுக்கும் விரித்தலுக்கும் இனமாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. நன்னூல் முதல், வழி, சார்பு என மூன்றாக்கி, வழிநூலுக்கு இலக்கணம் கூறுகையில், அது முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்திருக்க வேண்டும் என்றும், அதே வேளையில் பின்னோன் விரும்பும் வேறுபாடுகளைக் கொள்ளலாம் என்றும் வரையறுக்கிறது. சிறுபான்மை ஒத்துப் பிறவற்றில் திரிந்து வருவது சார்புநூல்.

இவ்விதிகள் இலக்கண, சாத்திர நூல்களைக் கருதி எழுந்தவை; கதைகளுக்காக எழுந்தவை அல்ல. எனினும் அவை தரும் அளவுகோல் இங்குப் பயனுடையது. வேறுபாடு இருக்கிறதா என்பது அதன் வினா அன்று. முடிபு ஒத்திருக்கிறதா என்பதே வினா. நிகழ்ச்சி மாறலாம், பெயர் மாறலாம், இடம் மாறலாம். எதற்காக அந்நூல் எழுந்ததோ அது மாறலாகாது. ஆகவே முதற்கதையின் முடிபு எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

3. முதற்கதையின் முடிபு

பள்ளி மாணவனான பீட்டர் பார்க்கர், பென் பார்க்கர், மே பார்க்கர் இணையரால் வளர்க்கப்படுகிறான். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்ததால் வியத்தகு ஆற்றல் பெறுகிறான். மூன்று நிமிடம் தாக்குப்பிடிப்பவருக்கு 100 டாலர் என அறிவிக்கப்பட்ட மற்போரில் வெல்கிறான். பின்பு தொலைக்காட்சியில் வித்தை காட்டிப் புகழ் பெறுகிறான். அந்நிலையத்தில் காவலர் ஒருவர் துரத்திவரும் திருடன் அவனைக் கடந்து ஓடுகிறான். பீட்டர் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை எனக் காவலர் கேட்க, அது தன் வேலை அன்று என்றும், இனித் தன்னை மட்டுமே கவனித்துக்கொள்ளப் போவதாகவும் பதில் கூறுகிறான். பின்னொரு நாள் வீடு திரும்பும்போது, வீடு புகுந்த கள்வனால் பென் கொல்லப்பட்டதை அறிகிறான். கொலையாளியைத் தேடிப் பிடித்து முகத்தைப் பார்க்கிறான். தான் தப்பவிட்ட திருடனின் முகமே அது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பீட்டர் திருடனைத் தப்பவிட்டதற்கு அந்நிகழ்ச்சிக்குள் காரணம் எதுவும் இல்லை. உடன் பயில்வோர் அவனை எள்ளி நகையாடியது உண்மை. பிறர் தன்னை அலைக்கழித்தது போதும் என்ற கசப்பு அவன் பதிலில் ஒலிக்கவே செய்கிறது. ஆனால் அக்காவலர் அவனுக்குத் தீங்கிழைத்தவர் அல்லர். எவரையும் பழிவாங்க அவன் ஒதுங்கி நிற்கவில்லை. அக்கறை இல்லாமையால் நின்றான். பின்னர் அந்நிகழ்ச்சியை மறந்தும் விடுகிறான். காரணமற்ற இந்த அக்கறையின்மையே கதையின் நடுவிடம். வாசகர் ஒவ்வொருவரும் தம் அன்றாட வாழ்வில் செய்யக்கூடிய, செய்து மறக்கக்கூடிய குற்றம் அது.

இரண்டாவது செய்தி, பேராற்றலையும் பெரும்பொறுப்பையும் இணைக்கும் புகழ்பெற்ற கருத்து முதற்கதையில் எங்கே, எவ்வாறு நிற்கிறது என்பது. பலரும் இதனைப் பென் கூறிய அறிவுரையாகவே நினைவில் கொண்டுள்ளனர். முதற்கதையில் பென் இதனைக் கூறவில்லை. கதையின் கடைசிக் கட்டத்தில், பேச்சுக்குமிழிக்கு வெளியே, கதைசொல்லிக்குரிய பெட்டியில் இது வருகிறது. அங்கும் தனித்தொடராக வரவில்லை. இருளில் மறையும் இளைஞன் இறுதியில் உணர்ந்துகொண்டது எது என்பதைச் சொல்லும் உட்தொடராக வருகிறது.

இந்த இலக்கண அமைப்பு தற்செயலானதாக இருக்கலாம். அதன் பொருள் விளைவு தற்செயலானது அன்று. பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் 1970இல் விளக்கியவாறு, 'உணர்', 'அறி' போன்ற பொருளுடைய பயனிலைகள் தாம் ஏற்கும் உட்தொடரின் மெய்ம்மையை முற்கோளாகக் கொள்கின்றன. அதாவது, உட்தொடரின் கருத்தை யாரும் வலியுறுத்துவதில்லை. அது முன்பே மெய்யாக இருந்தது, அவன் இப்போதுதான் கண்டான் என்பதே பொருள். ஆகவே முதற்கதையில் இக்கருத்து எவரும் எவருக்கும் கூறும் அறிவுரை அன்று. உலகில் என்றும் உள்ள ஓர் உண்மையை, விலை கொடுத்தபின் ஒருவன் தானே கண்டுகொள்கிறான்.

எனவே முதற்கதையின் முடிபை இவ்வாறு வரையறுக்கலாம்: செய்ய வல்லவன் அக்கறையின்றிச் செய்யாது விட்டதும் செயலே, அதன் விளைவு அவனைச் சாரும், இதனை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

4. புறப்பொருள் ஒப்புமையின் போதாமை

சுவைஞர்கள் மிகுதியாக வாதிட்டது வேறொன்றைப் பற்றி. முதற்கதையில் பீட்டர் வலைபின்னும் கருவியைத் தானே அறிவியலறிவால் செய்து மணிக்கட்டில் அணிகிறான். 2002ஆம் ஆண்டுப் படத்தில் வலை அவன் உடலிலிருந்தே சுரக்கிறது. இது மூலத்திற்குச் செய்த இரண்டகம் எனப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2012ஆம் ஆண்டுப் படம் மணிக்கட்டுக் கருவியை மீட்டது. அதுவே மூலநேர்மைக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது.

இவ்வேறுபாடு அற்பமானது அன்று. கருவியைச் செய்பவன் அறிவாளியாகிறான்; வலை சுரப்பவன் உடல்மாற்றம் பெற்றவனாகிறான். எனினும் நன்னூல் அளவுகோலின்படி இது பின்னோன் வேண்டும் வேறுபாட்டுள் அடங்கும், முடிபைத் தொடவில்லை. மேலும், 2004இல் சித்திரக்கதையே சிறிது காலத்திற்கு உடலில் சுரக்கும் வலையைப் பீட்டருக்கு அளித்தது. வழிநூலைப் பார்த்து முதல்நூல் மரபு தன்னைத் திருத்திக்கொண்ட இந்நிகழ்ச்சி, புறப்பொருள்களைக் கொண்டு மூலநேர்மையை அளப்பதன் போதாமையைக் காட்டுகிறது. உருபன்களை எண்ணிப் பார்த்து மொழிபெயர்ப்பை மதிப்பிடுவதற்கு இது ஒப்பாகும்.

5. 2002: காரணம் புகுந்த கதை

ரைமியின் படம் முதற்கதையின் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் வரிசை மாறாமல் எடுத்துரைக்கிறது. சிலந்தி, மற்போர், திருடன், பென்னின் மரணம், அடையாளம் கண்ட முகம் ஆகிய யாவும் உள்ளன. தொலைக்காட்சி மட்டும் விடப்பட்டுள்ளது. நிகழ்ச்சிகளை எண்ணினால் மூன்று மறுதொடக்கங்களுள் இதுவே மூலத்திற்கு மிக நெருங்கியது.

ஆனால் ஒரு சிறு சேர்க்கை உண்டு. மற்போரில் வெல்பவருக்கு 3,000 டாலர் என விளம்பரம் செய்யப்படுகிறது. பீட்டர் விரைவில் வென்றுவிட்டான் என்று சாக்குக் கூறி, அமைப்பாளர் 100 டாலர் மட்டுமே தருகிறார். பணம் வேண்டும் என்று அவன் கூறும்போது, அது தமக்குரிய சிக்கல் அன்று என்னும் பொருள்பட ஏளனமாகப் பதில் கூறுகிறார். அடுத்த கணமே திருடன் அந்த அமைப்பாளரைக் கொள்ளையிட்டு ஓடுகிறான். பீட்டர் வழிவிடுகிறான். அமைப்பாளர் சினந்து கேட்கும்போது, அவர் சொன்ன சொற்களையே அவருக்குத் திருப்பிச் சொல்கிறான்.

உரையாடல் என்ற நிலையில் இது திறம்பட அமைந்த பகுதி. திரையரங்கில் பார்ப்போர் அவ்விடத்தில் பீட்டரின் பக்கமே நிற்பர். குறையும் அதுவே. முதற்கதையில் காரணமற்றிருந்த செயலுக்குப் படம் காரணம் தருகிறது. அக்கறையின்மை பழிவாங்கலாகிறது. பழிவாங்கலில் ஒருவகை நீதி உண்டு. அக்கறையின்மையில் அது இல்லை. எனவே குற்றம் இலேசாகிறது.

ஷோஷனா பிளம்-குல்கா 1986இல் முன்வைத்த வெளிப்படையாக்கக் கருதுகோள் இங்கு நினைக்கத்தக்கது. மூலத்தில் உள்ளுறையாக நிற்கும் தொடர்பை மொழிபெயர்ப்பு சொல்லால் வெளிப்படுத்தும் போக்குடையது என்பது அதன் சாரம். இரண்டு வாக்கியங்கள் அருகருகே நின்றால் மொழிபெயர்ப்பாளர் இடையில் 'ஆகவே' என்ற சொல்லைச் சேர்க்கிறார். ரைமியின் படம் சேர்த்த 'ஏனெனில்' அத்தகையது. ஆனால் மூலத்தில் அவ்விடத்தில் 'ஏனெனில்' உள்ளுறையாக நிற்கவில்லை. காரணம் இல்லை என்பதே அங்குப் பொருள். இல்லாத ஒன்றை வெளிப்படையாக்குவது விளக்கம் ஆகாது, திரிபாகும்.

திரைப்படத்திற்குக் காரணகாரியத் தொடர்பு இன்றியமையாதது என்று கூறி இதனை ஏற்கலாமா? மொழிகள் எதைச் சொல்ல இயலும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதிலேயே வேறுபடுகின்றன என்பது யாக்கப்சன் கருத்து. திரைப்படம் ஒருவனைக் காட்டினால் அவன் முகத்தையும் குரலையும் நிற்கும் இடத்தையும் காட்டியே தீரவேண்டும். அவன் செயலுக்குக் காரணம் காட்டியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அக்குறியமைப்பில் இல்லை. எனவே இச்சேர்க்கை ஊடகத்தின் தேவையால் நேர்ந்தது அன்று, ஆக்கியோர் தேர்ந்தது.

இரண்டாவது மாற்றம் பொறுப்பைப் பற்றிய கருத்தின் இடம். திரைப்படத்திற்கு முன்பே சில சித்திரக்கதைகள் இதனைப் பென்னின் வாக்காகக் குறித்தது உண்டு. படம் அதனை நிலைநிறுத்தியது. நூலகத்தின் முன் காரில் அமர்ந்து, பள்ளியில் நடந்த சண்டை குறித்துப் பேசும்போது பென் இதனைப் பீட்டருக்குக் கூறுகிறார். பீட்டர் சீறி விழுந்துவிட்டுப் போகிறான். அன்றிரவே அவர் இறக்கிறார். கதையின் இறுதியில் நின்ற கருத்து தொடக்கத்திற்கு வந்துவிட்டது. உட்தொடர் தலைமைத்தொடர் ஆகிவிட்டது. கண்டறிந்த உண்மை அறிவுரையாகிவிட்டது. மூலத்தில் பீட்டரின் குற்றம் அறியாமையும் அக்கறையின்மையும். படத்தில் அது பெரியோர் சொல் கேளாமை. கேளாமையும் கண்ணீர் வரவழைக்கும் குற்றமே. ஆயினும் அது வேறு கதைக்குரிய முடிபு. 2007இல் வந்த மூன்றாம் படம் பென்னைச் சுட்டவன் தப்பவிடப்பட்ட திருடன் அல்லன், வேறொருவன் எனக் காட்டியபோது, எஞ்சியிருந்த தொடர்பும் தளர்ந்தது.

6. 2012: ஒப்படைக்கப்பட்ட நெறி

வெப்பின் படம் முன்னதினின்று வேறுபட்டுத் தோன்ற வேண்டிய நெருக்கடியில் எழுந்தது. பத்தாண்டு இடைவெளியில் அதே கதையைப் பார்வையாளருக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. மற்போர் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக ஒரு கடை வருகிறது. விலையில் இரண்டு சென்ட் குறைகிறது என்பதற்காகக் கடைக்காரர் பீட்டருக்குப் பால் தர மறுக்கிறார். அடுத்து வந்தவன் கடையில் கொள்ளையிட்டு, பாலைப் பீட்டரிடம் எறிந்துவிட்டு ஓடுகிறான். பீட்டர் தடுக்கவில்லை. அவனைத் தேடித் தெருவில் வந்துகொண்டிருந்த பென், அக்கள்வனின் துப்பாக்கிக்கு இரையாகிறார்.

நிகழ்ச்சி முற்றிலும் புதியது. அமைப்பு 2002ஆம் ஆண்டுப் படத்தினுடையது. தீங்கிழைத்தவர் கொள்ளையிடப்படுகிறார், பாதிக்கப்பட்டவன் வழிவிடுகிறான். இந்த மறுதொடக்கம் தன் மூலமாக 1962ஆம் ஆண்டுக் கதையைக் கொள்ளவில்லை, முந்தைய படத்தையே கொண்டது என்பதை இது புலப்படுத்துகிறது. ஆங்கிலவழி மொழிபெயர்ப்பைப் பார்த்துத் தமிழில் பெயர்க்கப்பட்ட ருசிய நாவலில் ஆங்கிலப் பெயர்ப்பாளரின் சேர்க்கைகள் மூலமாகவே மதிக்கப்படுவதை இதனோடு ஒப்பிடலாம்.

பொறுப்பைப் பற்றிய கருத்தும் மேலும் விலகுகிறது. பென் அதனைத் தம் கருத்தாகவும் கூறவில்லை; பீட்டரின் மறைந்த தந்தை கடைப்பிடித்த நெறியாகக் கூறுகிறார். நன்மை செய்ய இயன்றவர் அதனைச் செய்யக் கடமைப்பட்டவர் என நிபந்தனைத் தொடராக, நீண்ட விளக்கமாக அது அமைகிறது. மூலத்தில் யாருடையதும் அல்லாத உண்மை, இங்குத் தந்தை வழிச் சொத்தாகிறது. கொலையாளி கடைசிவரை அகப்படுவதில்லை என்பதால், தப்பவிட்ட முகத்தை மறுபடி காணும் கட்டமும் இல்லை. முதற்கதையில் பீட்டரைக் கற்பித்தது அம்முகமே.

7. 2016 முதல் 2021 வரை: எச்சமும் மீட்சியும்

மூன்றாவது மறுதொடக்கம் தோற்றக் கதையைச் சொல்லவே இல்லை. 2016ஆம் ஆண்டுப் படத்தில் டோனி ஸ்டார்க் பீட்டரின் அறைக்கு வந்து, எதற்காக இதைச் செய்கிறாய் என்று வினவுகிறார். பீட்டர் தயங்கித் தயங்கிப் பதில் கூறுகிறான். தன்னால் இயன்றதைச் செய்ய வல்ல ஒருவன் செய்யாதிருந்து, பின் தீமை நேர்ந்தால், அது அவனால் நேர்ந்ததே என்பது அப்பதிலின் கருத்து. பென்னின் பெயர் இல்லை, திருடன் இல்லை, மரணம் இல்லை, புகழ்பெற்ற சொற்களும் இல்லை.

ஆயினும் மேலே வரையறுத்த முடிபின் கூறுகள் யாவும் இதில் உள்ளன. வல்லமை, செய்யாமை, விளைவு, விளைவுக்கு உரியவன் என்னும் நான்கும் வரிசையாக நிற்கின்றன. செய்யாமைக்குக் காரணம் கூறப்படவில்லை. யாரும் கற்பித்ததாகக் கூறப்படவில்லை. பட்டறிந்தவன் தானே கூறுகிறான். நடந்தது எதுவென்று சொல்லாமல் நிறுத்தியமையால், அது பேசுவோனுக்குத் தெரிந்த, பேச இயலாத ஒன்றாக நிற்கிறது. சொல் நின்று பொருள் தொடரும் இவ்வமைதியை நம் இலக்கண மரபு குறிப்பெச்சம் என்னும். சொற்களை முழுதும் துறந்த இப்பகுதி, சொற்களைப் பேணிய 2002ஆம் ஆண்டுப் படத்தைவிட முடிபுக்கு அணுக்கமானது.

இந்நிலை நீடிக்கவில்லை. 2017ஆம் ஆண்டுப் படத்தில் பீட்டரைச் செலுத்துவது குற்றவுணர்வைவிட ஸ்டார்க்கின் ஏற்பைப் பெறும் ஆவலே. அவன் சித்திரக்கதையில் தனித்து நின்றவன். இங்குச் செல்வர் ஒருவரின் மாணவன். அவன் அணியும் உடையே அவர் அளித்தது.

2021ஆம் ஆண்டுப் படம் புகழ்பெற்ற சொற்களை மீட்கிறது. 2002ஆம் ஆண்டுப் படம் சுருக்கிய வடிவத்தை விடுத்து, 1962ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்த நீண்ட வடிவத்தையே, இறக்கும் நிலையில் உள்ள மே கூறுகிறார். சொல்லளவில் இதனினும் நேர்மையான பெயர்ப்பு வேறில்லை. ஆனால் காரண அமைப்பு தலைகீழாகிறது. வேற்றுலகங்களிலிருந்து வந்த எதிரிகளை அவரவர் இடத்திற்கு அனுப்பிவிடாமல், அவர்களைத் திருத்த முனைந்ததால் மே இறக்கிறார். அப்படிச் செய்யத் தூண்டியவரும் அவரே. முதற்கதையில் உதவாமை கொன்றது. இங்கு உதவி கொல்கிறது. அதே தொடர் முன்னதில் தவற்றின் அறிவு. பின்னதில் தவற்றுக்குப் பின்னும் கைவிடலாகாத உறுதி. சூழல் மாறினால் ஒரே வாக்கியம் வேறு பேச்சுச்செயலைப் புரியும் என்பதற்கு இது தக்க சான்று.

இப்படத்தில் வேறொரு செய்தியும் உண்டு. முந்தைய இரு பீட்டர்களும் தோன்றி, மே கூறிய சொற்களைத் தாங்களும் அறிந்தவர்களாகக் காட்டிக்கொள்கின்றனர். 2012ஆம் ஆண்டுப் படத்தில் அச்சொற்கள் அவ்வடிவில் பேசப்படவே இல்லை. வழிநூல்கள் தமக்குள் ஒரு பொது மூலத்தைப் பின்னோக்கிப் படைத்துக்கொள்வதை இதில் காண்கிறோம்.

எனினும் படத்தின் இறுதி குறிப்பிடத்தக்கது. உலகம் தன்னை மறக்கும்படி பீட்டர் தானே வேண்டிக்கொள்கிறான். நண்பரும் செல்வரின் துணையும் இன்றி, தானே தைத்த உடையுடன் வாடகை அறையில் தனித்து நிற்கிறான். மூன்று படங்கள் சுற்றிவந்து, 1962இல் இருளில் தனியே மறைந்த இளைஞனின் நிலைக்கு அவனை இப்படம் கொண்டுசேர்க்கிறது.

8. பெயர் மாறியும் மாறாத முடிபு

இதற்கு மறுதலையான சான்று இந்தியாவிலேயே உண்டு. 2004இல் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் உருவாக்கிய 'ஸ்பைடர்மேன்: இந்தியா' என்னும் சித்திரக்கதை அது. அதனை அவர்கள் மொழிபெயர்ப்பு என்னாமல் 'மறுபடைப்பாக்கம்' எனப் பொருள்படும் 'டிரான்ஸ்கிரியேஷன்' என்னும் சொல்லால் குறித்தனர். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான். பென் பீம் ஆனார். மே மாயா ஆனார். கதிரியக்கச் சிலந்திக்கு மாற்றாக யோகி ஒருவர் ஆற்றல் அருளுகிறார். அறிவியல் தொன்மமாகிறது. புறப்பொருள்களை எண்ணுவோர்க்கு இதில் மூலம் ஏதும் எஞ்சவில்லை.

ஆனால் தீயோர் சிலரால் தாக்கப்படும் பெண்ணுக்கு உதவாமல் பவித்ர் கடந்து போகிறான். அவளைக் காக்க முற்பட்ட பீம் கொல்லப்படுகிறார். அப்பெண் அவனுக்குத் தீங்கிழைத்தவள் அல்லள், பழிவாங்கல் இல்லை. ஏமாற்றிய அமைப்பாளரும் பால் மறுத்த கடைக்காரரும் இதில் இல்லை. உதவாதவன் ஒருவன், அதே இடத்தில் உதவி உயிர் நீத்தவர் ஒருவர் என இணைவைத்ததால், மூலத்தின் முடிபு இன்னும் கூர்மை பெறுகிறது. நன்னூல் கூறும் வழிநூலுக்கு இது பொருந்துகிறது. பெயரையும் நிகழ்ச்சியையும் பேணிய 2002ஆம் ஆண்டுப் படமோ இவ்வொரு கூற்றில் சார்புநூலின் பக்கம் சாய்கிறது.

இதே பவித்ர் இடம்பெற்ற 2023ஆம் ஆண்டு அசைவூட்டப் படம், 'அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்', மூலநேர்மை வினாவையே கதையாக்கியது. ஸ்பைடர்மேன் எனப்படும் எவர் வாழ்விலும் குறிப்பிட்ட சில இழப்புகள் நேர்ந்தே தீரவேண்டும் என்று மிகேல் ஓஹாரா வாதிடுகிறான். மைல்ஸ் மொராலஸ் அதனை ஏற்க மறுத்துத் தந்தையைக் காக்க விரைகிறான். மிகேல் கொண்டிருப்பது நிகழ்ச்சிப் பட்டியல். சுவைஞர் பலர் கையிலும் அதுவே இருக்கிறது. காக்க வல்லவன் விதியென விட்டுவிடலாகாது என்னும் மைல்ஸின் நிலை, பட்டியலை மீறி முதற்கதையின் முடிபைப் பின்பற்றுகிறது.

9. தமிழில் பெயர்ப்போர்க்கு

மேற்கண்டவை தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இரு நடைமுறைக் குறிப்புகளைத் தருகின்றன.

முதலாவது உறவுப்பெயர். பென்னை ஆங்கிலம் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. அவர் தந்தையின் உடன்பிறந்தவரா தாயின் உடன்பிறந்தவரா, மூத்தவரா இளையவரா என்பதை முதற்கதை சொல்லவில்லை. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பிற்காலக் கதைகள் பென்னைப் பீட்டரின் தந்தைக்கு மூத்தவராகக் கொள்வதால் 'பெரியப்பா' என்பதே பொருந்தும். மே 'பெரியம்மா' ஆவார். இது மொழியின் அமைப்பு கட்டாயப்படுத்தும் வெளிப்படையாக்கம். இதனைத் தவிர்க்க இயலாது. இதற்காகப் பெயர்ப்பாளரைக் குறைகூறவும் இயலாது. இத்தகைய கட்டாயம் ஏதுமின்றிச் சேர்க்கப்படும் காரணமே ஐயத்திற்குரியது.

இரண்டாவது வினைமுடிபு. 1962ஆம் ஆண்டு வாக்கியத்தில் ஆங்கிலத் துணைவினை 'மஸ்ட்' உள்ளது. அது கட்டாயத்தையும் குறிக்கும். தவிர்க்கவியலா நிகழ்வையும் குறிக்கும். 2002ஆம் ஆண்டுப் படம் அதனை நீக்கிப் பொது நிகழ்கால வினையாக்கியது. தமிழில் 'வரும்' என்றால் அது இயல்பு. 'வர வேண்டும்' என்றால் கட்டளை. 'வந்தே தீரும்' என்றால் தவிர்க்கவியலாமை. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று மறைகிறது. முதற்கதையில் அது எவர் கட்டளையும் அன்று என்பதால், அங்கு 'வந்தே தீரும்' என்னும் முடிபும், பென் அறிவுரை கூறும் படத்தில் 'வரும்' அல்லது 'வர வேண்டும்' என்னும் முடிபும் பொருந்தும் எனக் கருதலாம். புகழ்பெற்ற ஒரு தமிழ் வடிவத்தை எல்லா இடத்தும் ஒட்டவைப்பது எளிது. அது படங்களுக்கிடையே ஆக்கியோர் செய்த வேறுபாட்டை அழித்துவிடும்.

10. முடிவுரை

மறுதொடக்கங்கள் மூலத்திற்கு உண்மையாக உள்ளனவா என்னும் வினா பொருளற்றது அன்று; அதனைக் கேட்கும் முறையே திருத்தத்திற்குரியது. உடையும் கருவியும் பெயரும் நிகழ்ச்சியும் வேறுபாட்டிற்கு இடம் தருவன. ஒரு கருத்தை யார் சொல்கிறார், நிகழ்ச்சிக்கு முன் சொல்கிறாரா பின் சொல்கிறாரா, மூலம் காரணம் சொல்லாது விட்ட இடத்தில் காரணம் சேர்க்கப்பட்டுள்ளதா என்னும் மூன்று வினாக்கள் முடிபை அளக்க உதவும். 2002, 2012 ஆகிய ஆண்டுகளின் படங்கள் இம்மூன்றிலும் விலகின. 2016ஆம் ஆண்டுப் பதில் இம்மூன்றிலும் ஒத்தது. 2021ஆம் ஆண்டுப் படம் சொல்லில் ஒத்து, காரணத்தில் மாறி, இறுதி நிலையில் மீண்டும் நெருங்கியது.

நாயகனைப் பார்வையாளர் வெறுத்துவிடலாகாதே என்னும் அச்சமே இம்மறுதொடக்கங்களில் காரணத்தைப் புகுத்தியது எனத் தோன்றுகிறது. வாசகருக்குப் புரியாமற் போகுமோ என்ற அச்சத்தால் மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் மௌனங்களை நிரப்புவதும் இவ்வகையினதே. ஸ்டான் லீயும் டிட்கோவும் தம் இளம் வாசகரை அவ்வாறு ஐயுறவில்லை. சாக்கு எதுவும் இல்லாத ஒரு தவற்றை அவர்கள் முன் வைத்து, அதன் பொறுப்பை ஏற்கும்படி ஒருவனை விட்டுச்சென்றனர். அச்சாக்கின்மையைப் பெயர்க்க இயன்ற மறுதொடக்கமே தன் மூலத்திற்கு உண்மையானது.